பிள்ளைப்பேற்று வீட்டில் உள்ளி

எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் ஒரு வீட்டிலே பிள்ளை பிறந்துவிட்டால், அவ்வீட்டு அடுப்படியில் மிளகு, சீரகம், மஞ்சளோடு உள்ளிக்கும் இடமுண்டு. தாய்க்குப் பத்தியக் கறி ஆக்கும் அம்மம்மா அதனை மறப்பதில்லை. உள்ளி பாலைச் சுரப்பிக்கும் என்பது அவர் முடிபு. அதே அம்மம்மா விரதநாட் கறியில் உள்ளி சேர்க்க விரும்பார். ஒரு பொருளே மருந்தும் விலக்குமாய் ஆனது எங்ஙனம்? இத்தனைக்கும் உள்ளி எமது வாவிக்கரையில் விளைவதன்று. குளிர்நிலப் பயிராகிய அது இன்றும் பெரும்பாலும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்துமே எமது கடைகளுக்கு வருகின்றது.

விலக்கு மிகப் பழையது. மனுதரும சாத்திரம் இருபிறப்பாளர்க்கு உள்ளியைத் தடுத்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவைச் சுற்றிப் பின் இலங்கையிலும் இரண்டாண்டு தங்கிய சீன யாத்திரிகர் பாகியன், சண்டாளர் ஒழிந்த ஏனையோர் அந்நாட்டில் உள்ளி உண்பதில்லை என்றெழுதினார். ஆயின் வைத்தியர் வேறு வழி கண்டனர். 1890ஆம் ஆண்டில் மத்திய ஆசியாவின் கூச்சா என்னும் ஊரில் பவர் என்ற ஆங்கிலப் படையதிகாரி கைக்கொண்ட பூர்ச்சமரப்பட்டைச் சுவடி, ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமையுடையது. அதன் தொடக்கமே உள்ளியின் பெருமைதான்! அமிர்தமுண்ட அசுரனின் தலையைத் திருமால் அறுத்தபோது சிந்திய துளிகளே உள்ளியாயின என்றும், உடலிற் பிறந்ததாதலின் அந்தணர் அதனை உண்ணார் என்றும் அது கூறும். அவர்களுக்கும் வழியொன்று வைத்திருக்கின்றது: பசுவை மூன்று நாள் ஏறக்குறையப் புல்லின்றி வைத்து, பின்னர் உள்ளித்தண்டு கலந்த தீனி கொடுத்து, அதன் பாலை அந்தணர் அருந்தலாம். சாத்திரமும் கெடவில்லை, மருந்தும் கெடவில்லை. இச்சாமர்த்தியத்தை நாம் மெச்சாதிருக்க முடியுமா?

உள்ளி கிருமியை அடக்கும் என்பதை 1858இல் பிரான்சிய அறிஞர் பாஸ்டர் குறித்தார். 1944இல் அமெரிக்கரான கவாலிற்றோவும் பெய்லியும் அவ்வாற்றலுடைய அல்லிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். முழுப் பல்லில் அப்பொருள் இல்லை; நசுக்கியபின்பே அது உண்டாகின்றது. நசுக்காது அவித்தால் அதனை உண்டாக்கும் நொதியம் வெப்பத்தால் அழிந்துவிடும். இரசத்துக்கு உள்ளியைத் தட்டிப்போடும் எம் தாய்மார் இக்காரணத்தை எங்கே படித்தனர்?

தாய்ப்பாலைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தாய் உள்ளி உண்டபின் பாலின் மணம் மாறியது. குழந்தைகள் முன்னையினும் நெடுநேரம் முலைபற்றிச் சுவைத்தன. ஆயினும் பாலின் அளவு கூடியதென அதில் நிறுவப்படவில்லை. அம்மம்மா சொன்னதிற் பாதி உறுதியாயிற்று எனலாம்.

பிறசர் குளிசையை நிறுத்திவிட்டு உள்ளிப்பல் விழுங்கும் பெரியோர் சிலரையும் நாம் அறிவோம். உள்ளி இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம், குளிசைக்கு ஈடாகாது. இரத்தம் உறைவதையும் அது சற்றுத் தாமதிப்பிக்கும். ஆதலால் உறைதலைத் தடுக்கும் மருந்தெடுப்போரும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தோரும், கறியிலிடும் அளவுக்கு மேல் உண்ணுமுன் வைத்தியரிடம் சொல்லவேண்டும். பச்சை உள்ளியை அரைத்துப் பச்சிளங் குழந்தையின் தோலிற் கட்டுவதும் ஆகாது; அது தீச்சுட்டதுபோற் புண்ணாக்கிவிடும்.