கரிவலம்வந்தநல்லூர்: தாமிரபரணியின் நிழலில் மறைந்த வைப்பாற்று வட்டாரம்

திருநெல்வேலிச் சீமையின் வரலாறு பெரும்பாலும் தாமிரபரணியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அணைக்கட்டுகள், கால்வாய்கள், நெல்வயல்கள், கரையோரக் கோயில்கள் என்றுதான் அச்சீமை நம் மனத்தில் பதிந்திருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, ராஜபாளையம் சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூர் இந்தச் சித்திரத்துக்குள் அடங்காது. இங்கே ஓடும் நிட்சேப நதி தாமிரபரணியைச் சேர்வதில்லை. அது வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. ஆகவே இவ்வட்டாரத்தைத் தாமிரபரணிச் சீமையின் வறண்ட விளிம்பாகக் கருதாமல், வைப்பாற்றின் மேற்படுகையாக, தனி அலகாக வைத்து ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மேற்கே மலையடிவாரம் செவல். கிழக்கே போகப்போகக் கரிசல். மழை பெய்தால்தான் ஆற்றில் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகினால் நெல் உண்டு. பெருகாவிட்டால் மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் சோளமும்தான். அண்மைக் காலத்தில் மக்காச்சோளமும் பரவியிருக்கிறது. மேற்கே புளியங்குடிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சை விளைகிறது. கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயிலின் தலமரம் களா. வறண்ட காட்டில் தானாக முளைக்கும் முட்செடி அது. ஆற்றங்கரை மருதத்தை அல்லாமல் களாவைத் தலமரமாகக் கொண்ட கோயில், தான் நிற்கும் நிலம் எத்தகையது என்பதைத் தானே காட்டிவிடுகிறது.

இந்த வறண்ட நிலம் அறிவு வறண்ட நிலமாக இருக்கவில்லை. தென்காசிப் பாண்டியர் மரபின் வரதுங்கராம பாண்டியன் இங்கிருந்துதான் ஆண்டான். நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியனின் நெருங்கிய உறவினன். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவன். பிரமோத்தர காண்டம் இவன் பெயரில் வழங்குகிறது. திருக்கருவை அந்தாதிகளை இவன் பாடினான் என்பாரும் உண்டு, அதிவீரராமன் பாடினான் என்பாரும் உண்டு. அரசர் இருவருள் யார் பாடியிருந்தாலும், பாடப்பட்ட தலம் இதுவே.

வரதுங்கனின் ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் இவ்வூருக்கு வந்த செய்தியை அவருடைய தன்வரலாறான என் சரித்திரம் பதிவு செய்திருக்கிறது. வரதுங்கனுக்கு வாரிசு இல்லாததால் அவன் உடைமைகளோடு ஏடுகளும் கோயிலைச் சேர்ந்துவிட்டன என்று கேள்விப்பட்டு அவர் வந்தார். வந்த இடத்தில் கிடைத்த பதிலோ, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்பது. சாத்திரப்படி செய்ததாகவே சொன்னவர்கள் நம்பினார்கள். இதைத் தமிழிலக்கியத்தின் இழப்பாக மட்டும் பேசி வந்திருக்கிறோம். ஒரு வட்டாரம் தன்னைப்பற்றித் தானே எழுதிவைத்த சான்றும் அந்தத் தீயில் போயிருக்கக்கூடும் என்பது என்னை அதிகம் வருத்துகிறது. எழுத்துச் சான்று எரிந்துபோன ஊரில் நிலத்தையும் நீரையும் வழக்காறுகளையும் சான்றாகப் படிப்பதைத் தவிர ஆய்வாளருக்கு வேறு வழியில்லை.

அப்படிப் படிக்கும்போது நிர்வாக எல்லைகள் குறுக்கே நிற்கின்றன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தன; அவை இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. 1986இல் கோவில்பட்டியும் கழுகுமலையும் தூத்துக்குடிப் பக்கம் போயின. 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்தது.

இக்கோடுகளுக்கு முந்தைய ஒருமையை இன்றும் கண்ணால் காணலாம். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என ஐந்து கோயில்களைப் பஞ்சபூதத் தலங்களாக மக்கள் வழிபடுகிறார்கள். சிவராத்திரியன்று ஐந்தையும் சுற்றிவரும் வழக்கமும் உண்டு. முதல் நான்கும் தென்காசி மாவட்டத்தில் இருக்க, தேவதானம் மட்டும் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிவரும் பக்தருக்கு 1910இல் கிழித்த கோடு ஒரு பொருட்டல்ல. பாளையங்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. நெற்கட்டும்செவல் பாளையக்காரன் பூலித்தேவனோடு நின்ற சேத்தூரும் கொல்லங்கொண்டானும் இன்று ராஜபாளையம் பக்கத்து ஊர்கள். 1761இல் தளபதி யூசுப்கான் பூலித்தேவனின் கோட்டைகளைப் பிடித்த போரை ஒரு மாவட்டத்துக்குள் நின்று எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஐந்து தலங்களின் தொகுப்பு பிற்காலத்தது, அதை வைத்து அரசியல் அலகு ஒன்றை நிறுவ முடியாது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். நான் அதை அரசெல்லைக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. தொகுத்தவர் எக்காலத்தவராயினும், தாமிரபரணிக் கரையைத் தேடிப் போகாமல் இந்த அடிவார ஊர்களையே ஒன்றாகக் கண்டிருக்கிறார். நடமாட்டத்தின் எல்லைக்கு அது போதிய சான்று. இன்றும் சங்கரன்கோவில் விசைத்தறியும் ராஜபாளையம் நூற்பாலையும் சிவகாசித் தொழிலும் விருதுநகர்–தென்காசி ரயில்பாதையை ஒட்டியே வரிசையாக அமைந்திருக்கின்றன.

மக்கள்தொகை ஆய்வில்தான் எல்லைக் குழப்பம் பெருந்தவறுக்கு இடமளிக்கிறது. ஒப்பீட்டுக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம்: அங்கே 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. எல்லை அதிகம் மாறாத கிராமப்புற கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) ஒன்றின் மக்கள்தொகை ஏற்ற இறக்கத்தை நூறாண்டுக்கு மேலாகவும் ஒரே கோட்டில் பின்தொடரலாம். சங்கரன்கோவில் வட்டத்தில் அது இயலாது. சிவகிரியும் திருவேங்கடமும் தனி வட்டங்களாகப் பிரிந்துவிட்டன. பழைய வட்டத்தின் எண்ணை இன்றைய வட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்டால், எல்லை சுருங்கியதை மக்கள் வெளியேறியதாக வாசித்துவிடுவோம்.

2011 கணக்கெடுப்பில் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1023 பெண்கள். மாநில அளவில் இது 996. ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போவதே காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் பீடி சுற்றும் ஆலங்குளம் பக்கமும், வாழை விளையும் ஆற்றுப்படுகையும், கரிசல் மானாவாரியும் இந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. கரிவலம்வந்தநல்லூரைப் பற்றி அந்தச் சராசரி எதையும் சொல்லாது.

வட்டங்களைவிட நிலையானவை வருவாய்க் கிராமங்கள். 1881 முதல் வந்த கணக்கெடுப்புகளைக் கிராமவாரியாகப் பிரித்து, நிலவரித் திட்டப் பதிவேடுகளோடு சேர்த்து, நிட்சேப நதியின் இரு கரைகளையும் ஒரு பட்டியலில் கொண்டுவர வேண்டும். அந்தப் பட்டியலில் சேத்தூரும் தேவதானமும் இடம்பெற வேண்டும். மாவட்டம் வேறு என்பதற்காக அவற்றை விட்டுவிடக் கூடாது.