கரோனா அலைகள்: மருத்துவமனை மரணங்கள் உணர்த்துவது என்ன?

கரோனா சிகிச்சைக்காக மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டோரின் விவரங்களை, தேசியப் பதிவேடு ஒன்றின் மூலம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) தொகுத்து வந்தது.

இதில் 2021 மே 11 வரை பதிவான 18,961 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டன. முதல் அலையில் அனுமதிக்கப்பட்டோரில் 10.2 சதவீதம் பேரும், இரண்டாம் அலையில் 13.3 சதவீதம் பேரும் உயிரிழந்தனர். 20 வயதுக்கு உள்பட்டோரைத் தவிர அனைத்து வயதினரிடமும் இறப்பு விகிதம் உயர்ந்தது. மூச்சுத்திணறலும், ஆக்சிஜன், வென்டிலேட்டர் தேவையும் அதிகரித்திருந்தன.

ஒமைக்ரான் பரவிய மூன்றாம் அலையில் 1,520 நோயாளிகளின் விவரங்கள் 2022 பிப்ரவரியில் வெளியிடப்பட்டன. அவர்களின் சராசரி வயது 44. தடுப்பூசி செலுத்திக் கொண்டோரில் 10 சதவீதம் பேரும், செலுத்திக் கொள்ளாதோரில் 22 சதவீதம் பேரும் உயிரிழந்தனர். தடுப்பூசி செலுத்தியும் உயிரிழந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இணை நோய்கள் இருந்தன.

இதனால் ஒமைக்ரான் கொடியது எனக் கருதிவிட முடியாது. லேசான பாதிப்புடையோர் பெரும்பாலும் வீட்டிலேயே குணமடைந்ததால், மருத்துவமனைக் கணக்கில் அவர்கள் இடம்பெறவில்லை. அதேபோல, இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் வீடுகளில் உயிரிழந்தோரும் இந்த விகிதங்களில் சேரவில்லை.