ஒரு மான்தோல் போன வழி

பதினெட்டாம் நூற்றாண்டில், இன்றைய அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா காடுகளில் மஸ்கோகி, செரோக்கி பழங்குடி ஆண்கள் வெள்ளைவால் மானைத் தேடிப் போகும்போது காலில் மொக்கசின் போட்டிருப்பார்கள். மெத்தென்ற தோல் காலணி. அடித்தோல் மெல்லியது என்பதால் கீழே சுள்ளி கிடந்தால் அது ஒடிவதற்குள் பாதம் கண்டுகொள்ளும். காலை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். இரண்டடி நடந்துவிட்டு வெகுநேரம் நிற்பார்கள். காற்று எதிரே வீசும்படி பார்த்துக்கொள்வார்கள். அசையாமல் நிற்கிற ஆளை மான் கவனிக்காமல் விடலாம், கை அசைந்தால் விடாது. சந்தேகம் தட்டினால் முன்னங்காலால் தரையை உதைக்கும். வால் மேலே போய் வெள்ளை தெரிந்துவிட்டால் அன்றைய பாடு வீண். மான் தலையையும் தோலையும் போர்த்திக்கொண்டு நெருங்குகிற வழக்கமும் இருந்தது.

அந்த மொக்கசினும் மான்தோலில் தைத்ததுதான். தோலை உரித்தபின் வேலை முழுக்கப் பெண்களுடையது. ஒட்டியிருக்கும் சதையை வழித்து, மயிரைச் சுரண்டி, அந்த மானின் மூளையையே தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, காயக் காய இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் தோல் பலகையாகிவிடும். கடைசியில் புகை மூட்டுவார்கள். புகை ஏறிய தோல் மழையில் நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. வேட்டைக்காரனின் சத்தமில்லாத நடையில் பாதிப் பெருமை இந்தப் பெண்களுக்குச் சேர வேண்டும். வேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வீட்டுத் தேவைக்குப் போக மிச்சத் தோல்கள் வெளியே புறப்பட்டன. அவற்றுக்கு இந்த முழுப் பக்குவம் கிடையாது. சதையும் மயிரும் நீக்கிய அரைப் பதத்தோடு சரி. ஆங்கிலேய வியாபாரிகளின் பொதிக்குதிரைகள் மூட்டைகளைச் சுமந்து சவன்னா ஆற்றங்கரையிலுள்ள அகஸ்டாவுக்கு வரும். அங்கிருந்து படகு, பிறகு சார்லஸ்டன் துறைமுகம், பிறகு லண்டன். 1699 முதல் 1715 வரை சார்லஸ்டனிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 54,000 தோல்கள் கப்பலேறின. 1710-களில் ஐரோப்பாவில் மாட்டுக் கொள்ளைநோய் பரவி மாட்டுத்தோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் மான்தோலுக்குக் கிராக்கி கூடியது. லண்டனில் அது கையுறையானது, புத்தக அட்டையானது, எல்லாவற்றுக்கும் மேலாக முழங்கால்வரை பிடித்த கால்சட்டையானது. குதிரையேறும் கனவானும் போட்டார், கூலிக்காரனும் போட்டான். அத்தனை உழைத்தது.

போன வழியிலேயே பதிலுக்குச் சரக்கும் வந்தது: துப்பாக்கி, வெடிமருந்து, ஈயம், இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் நெய்த சிவப்பு, நீலக் கம்பளித் துணி, ரம். பெரும்பாலும் கடனுக்குத்தான். இலையுதிர் காலத்தில் மருந்தும் ஈயமும் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு காட்டுக்குப் போவார்கள். குளிர்காலம் முழுக்க வேட்டை. தோலோடு திரும்பும்போது வியாபாரி கணக்கைத் திறந்து காத்திருப்பான், பக்கத்திலேயே ரம் பீப்பாயும் இருக்கும். நம்மூர் கந்துவட்டிக்காரன் களத்துமேட்டில் நிற்பது போல. 1715-இல் யமாசி என்ற இன்னொரு பழங்குடி மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகப் போருக்கு எழுந்ததற்கான காரணங்களில் இந்தக் கடனும் ஒன்று. போர் ஓய்ந்தது, கணக்கு ஓயவில்லை. நூற்றாண்டின் பிற்பகுதியில் வியாபாரிகள் பதனிடாத பச்சைத் தோலையே வாங்கத் தொடங்கினார்கள். சுரண்டும் வேலை மிச்சமானதால் இன்னும் அதிக மான்களை அடிக்க முடிந்தது. மான் குறைந்தது, கடன் குறையவில்லை.

அடைக்க ஒன்றுதான் மிச்சமிருந்தது, நிலம். 1773-இல் அகஸ்டாவில் மஸ்கோகிகளும் செரோக்கிகளும் வியாபாரிகளின் பாக்கிக்காக 20 லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற பின்னும் வழி மாறவில்லை. பழங்குடித் தலைவர்கள் கடனில் மூழ்குவது நல்லது, அடைக்க முடியாதபோது நிலத்தைத் தருவார்கள் என்ற கருத்தை 1803-இல் அதிபர் ஜெபர்சன் ஒரு கடிதத்தில் ஒளிவுமறைவின்றி எழுதினார். 1805-இல் மிசிசிப்பிப் பகுதியில் சாக்டா மக்கள் சுமார் 40 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு அமெரிக்க அரசு தந்த விலை ஏறத்தாழ 50,000 டாலர். அதில் 48,000 டாலர், பென்சகோலா துறைமுகத்தில் தோல் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியின் கடனுக்குப் போனது.