வாரம் ஒரு பென்னி: மெதடிஸ்ட் வகுப்புகளின் வரலாறு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைக் கட்டிக்காத்த ‘வகுப்பு’ என்னும் சிறு குழு, கட்டடக் கடன் ஒன்றை அடைக்கும் முயற்சியில் பிறந்தது. இவ்வியக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலிக்கன் குருவான ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டல் நகரிலும், அதை அடுத்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலும் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, ஆலய வாசலை அதிகம் மிதித்தறியாத தொழிலாளர் திரளாகக் கூடினர். அவர்களுள் நிலைத்து நின்றோருக்காக அவ்வாண்டே ‘நியூ ரூம்’ என்ற மண்டபம் எழும்பியது, கடனும் ஏறியது.

கடனை அடைக்கும் வழியை ஆராய 1742 பிப்ரவரியில் கூடிய கூட்டத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி, அதாவது ஒரு பவுண்டில் 240இல் ஒரு பங்கு, தரலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை கூறினார். அதற்கும் வழியற்ற ஏழைகள் பலர் உண்டே என்று மறுப்பு எழவே, மிக ஏழைகளாகப் பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் இயலாததைத் தாமே ஈடுசெய்வதாகவும் அவர் சொன்னார். பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பு, அதற்கொரு தலைவர் என்ற ஏற்பாடு இவ்வாறு உருவாயிற்று.

காசு வாங்க வீடேறிச் சென்ற தலைவர்கள், ஒருவன் குடித்திருந்ததையும் மற்றொருவன் மனைவியோடு சண்டையிட்டதையும் நேரில் கண்டு வெஸ்லியிடம் தெரிவித்தபோது, பணம் திரட்டும் இவ்வழியே மேய்ப்புப் பணிக்கும் உதவும் என்பதை அவர் உணர்ந்தார். இது தோழமையா, வேவா என்ற ஐயம் எழுவது இயல்பே. இரண்டும் அதில் கலந்திருந்தன என்பதே உண்மை. ஆனால் எசமானர் வீடுகளில் தங்கி வேலை செய்தோரை அங்கே சந்திக்க அனுமதி கிடைக்காததாலும், உறுப்பினருக்குள் மூண்ட மனத்தாங்கல்களை எதிரெதிரே அமர்த்தியே தீர்க்க முடிந்ததாலும், தலைவர் வீடு வீடாகச் செல்வதை விட்டு, அனைவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே சுரங்கத் தொழிலாளியும் வேலைக்காரப் பெண்ணும் தம் ஆத்தும நிலையைத் தம் வாயாலேயே கூறினர்; பிறர் செவிகொடுத்தனர். பெண்களும் வகுப்புத் தலைவர்களாயினர் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

உறுப்பினர் பெயர் எழுதிய சிறு சீட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. ஒழுக்கம் தவறியவருக்கு அது கிடைக்காது. எளிய அப்பமும் தண்ணீரும் மட்டுமே பகிரப்பட்ட ‘அன்பின் விருந்து’ என்னும் கூடுகைக்கு அச்சீட்டே அனுமதி.

இந்த அமைப்பின் பயனைச் சபைக்கு வெளியே இருந்தோரும் கண்டுகொண்டனர். தொழிலாளருக்கு வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டுகள் 1840களில் தம் சங்கத்தைப் பத்துப் பேர் கொண்ட வகுப்புகளாக அமைத்தனர். சபைக்குள்ளோ, உறுப்பினர்கள் வசதி பெறப் பெற, அகத்தைத் திறந்து பேசுவது கூச்சத்துக்குரியதாயிற்று. வாரந்தோறும் பேசிய சாட்சியும் மனப்பாடம் போலத் தேய்ந்தது. அமெரிக்காவின் தென்பகுதி மெதடிஸ்ட் சபை 1866இல் வகுப்புக்கு வருவதை உறுப்பினர் தகுதியிலிருந்தே நீக்கிவிட்டது.