கறளும் வர்த்தமானியும்

தமிழகத்தார் துரு என்பதை ஈழத்தில் நாம் கறள் என்போம். இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடினால் கறள் பிறக்கும். உப்புச் சேர்ந்தால் விரைந்து வளரும். இது பள்ளிக்கூடப் பாடம். இலங்கை மோட்டார் கார்களின் கறளுக்கு மட்டும் அரசாங்க வர்த்தமானியையும் ஒரு மூலப்பொருளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். ஒரு கார் எத்தனை ஆண்டு ஓடவேண்டும் என்பதை இந்த நாட்டில் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் தீர்மானித்ததில்லை. இறக்குமதிச் சட்டங்களே தீர்மானித்தன.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதிக்கு முதற் கடிவாளம் விழுந்தது. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசு அதை மேலும் இறுக்கியது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை, தொழிலதிபர் உபாலி விஜேவர்த்தன உள்ளூரில் பொருத்தி விற்ற பியட் போன்ற சிலவற்றைத் தவிர, புதிய கார் என்பது நடுத்தர வர்க்கத்துக்குக் கனவாகவே இருந்தது. அதே மூடிய பொருளாதாரம் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை பெற்றுக்கொடுத்ததையும் மறக்கலாகாது. கையில் காசு சேர்ந்த விவசாயிக்கு வாங்கக் கிடைத்ததோ இருபது வயதான ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் அல்லது மொறிஸ் மைனர்.

இந்தக் கார்களின் வயதை இலக்கத்தகடே சொல்லிவிடும். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று ஆங்கில எழுத்துத் தாங்கியவை 1958க்கு முந்தியவை. அவ்வாண்டு சனவரியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகட்டில் ஏறியது. வடக்கில் தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசிச் சிறை சென்றனர். அந்த எழுத்து நாட்டுக்குச் செய்தது தனிக் கதை. இங்கே அதை வயதுக் கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மொறிஸ் மைனரைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் 1948இல் வெளிவந்து, 1971 வரை உற்பத்தியாகி, 16 இலட்சத்துக்கு மேல் விற்ற கார் அது. பழைய கார்களில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று அடியில் கிடக்கும். உடற்பகுதி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மைனரிலோ, இன்றைய கார்களைப் போலவே, வளைத்து ஒட்டிய தகரக்கூடே சட்டமாகவும் உடலாகவும் இருந்து பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியைக் கறள் தின்றால், அழகோடு சேர்த்து முதுகெலும்பும் போகிறது. பின்வில் தொங்கும் இடமும் முன்பக்கத்து நீள்கால்களும் அப்படியே. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்க, கறள் உள்ளிருந்து வெளியே வரும். வெளிப்பூச்சில் சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு இராது. கறள், தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகள் சேரும் மூட்டுகளை அது பிளந்து வீங்க வைப்பது அதனால்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உப்புக்காற்றுக்குப் பஞ்சமில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகை நாற்றம் அக்காலத்தில் அங்கிருந்தவர் எவருக்கும் நினைவிருக்கும். பலர் மறந்தது தகரத்தை. இரும்பும் தடைப்பட்டியலில் இருந்தமையால், ஒரு காரின் தரைக்கு இன்னொரு காரின் கதவை வெட்டினார்கள். எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து தட்டி நிமிர்த்தினார்கள். 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் அந்த ஒஸ்டின்களை வியந்து படமெடுத்துச் சென்றார்கள். அவற்றின் அடியில் குனிந்து பார்த்தவர் எத்தனை பேரோ!

கடலுக்கு வெகு தொலைவில் கறள் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று என்பதை 2023இல் வில்கமுவப் பக்கம் போனபோது கண்டேன். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரம். நக்கிள்ஸ் மலைகளுக்கு அப்பால் மகாவலி கங்கையை நோக்கித் தாழும் வயற்பூமி. 1984இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவக் காடு அயலில் இருப்பதால், என் போன்ற பத்திரிகைக்காரர்கள் அங்கே போவது பெரும்பாலும் யானைச் செய்திக்காகத்தான். ஹெட்டிப்பொலச் சந்திக்கு அண்மையில், தகரக் கூரை போட்ட ஒரு கராஜில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மைனர் அடிப்பாகம் திறந்து கிடந்தது.

அங்கே உப்பைக் கொண்டுவருவது கடலன்று, உரச்சாக்கு. வயலுக்கு இடும் மியூரியேட் ஒவ் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைட்டு. உப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்கிலிருந்து சிந்திய தூள் பின் பொதியறை மூலைகளில் படிந்து, மாரி மழையின் ஈரத்தைக் குடித்து, தகட்டை அரித்திருந்தது. சக்கர வளைவுகளில் ஒட்டிய வயற்சேறு, வெயில் எறித்த நாளிலும் உள்ளே ஈரத்தைக் காத்திருந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு தடைசெய்தபோது கமக்காரர் பட்ட பாடு நாடறிந்தது. அவ்வேளையிலும் அந்த மூலைகளில் பழைய உரம் தன் வேலையை நிறுத்தவில்லை.

தகர வேலை செய்பவரை அங்கே எல்லோரும் பாஸ் என்றே அழைத்தனர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவர் கதவடிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தகடு இருக்கவேண்டிய இடத்தில் காகிதம் இருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஓட்டையில் பத்திரிகைத் தாளைத் திணித்து, மேலே தாரும் பட்டியும் பூசி, வண்ணம் அடித்து விற்றிருக்கிறார்கள். மடிப்பின் நடுவில் மட்டும் எழுத்து தப்பியிருந்தது: சிங்கள நாளேடு, 1974, அரிசித் தட்டுப்பாட்டுச் செய்தி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளக் காகிதத்தைவிடச் சிறந்த பொருள் அரிது. நாங்கள் எழுதியவற்றுக்கு இப்படியும் ஓர் ஆயுள் இருந்திருக்கிறது.

ஆசிரியரிடம் பணம் குறைவு. வண்ணத்தையும் முடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். "சேர், மேலே பூசுவதை அடுத்த போகத்து நெல் விற்றபிறகு பார்க்கலாம், கீழே இருப்பதை அடுத்த மாதத்துக்கு வைக்கமுடியாது" என்றார் பாஸ். அவர் செய்த ஒழுங்கு முறையை வாசகர்களுக்காகக் குறித்துக்கொண்டேன். முதலில் காந்தத்தை உடல் முழுவதும் நகர்த்தினார். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. திருப்புளியால் அடித்தகடுகளைக் குத்திப் பார்த்து, உறுதியான இரும்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடிட்டார். வெட்டுமுன் உடலுக்கு முட்டுக்கொடுத்து, கதவு இடைவெளியை அளந்து எழுதினார். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு சாத்தாது. மின்கலத்தைக் கழற்றி, பொதியறைக்கு அடியிலுள்ள பெற்றோல் தாங்கியையும் இறக்கி வெளியே வைத்த பிறகே பற்றவைக்கும் கருவியைத் தொட்டார். மெல்லிய தகட்டில் நெடுக ஒட்டினால் சூட்டில் நெளியும் என்பதால், விரலளவு ஒட்டி, ஆறவிட்டு, வேறிடத்தில் விரலளவு ஒட்டினார். செலவு குறைந்தது தகட்டில்: பீப்பாய் இரும்பு. ஆனால் பாரம் தாங்கும் இடங்களுக்குப் பீப்பாய் ஆகாது என்று தடித்த புதுத்தகடு வாங்கச் செய்தார். செந்நிற அடிப்பூச்சும், பெட்டியின் கீழ்முகத்தில் நீர் வடியத் துளைகளும் அவருடைய இறுதிவேலை. கழிவு எஞ்சின் எண்ணெயை அடியில் பூசும் வழக்கம் பற்றிக் கேட்டபோது முகத்தைச் சுளித்தார். அது இறப்பரைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி.

இதே மாவட்டத்தில், சிகிரியாவுக்கு அருகே அலகொலவாவப் பகுதியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் அகழ்ந்திருக்கிறார்கள். இரும்பு வேலை இந்த மண்ணுக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததன்று.

அந்தக் கைத்திறனை அடையாளங்கண்டவர் ஓர் ஆங்கிலேயர் என்பது சுவையான செய்தி. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேயர், காரை எறியாமல் திருத்தித் திருத்தி நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று 1980களில் நூல் எழுதியவர். 1990களின் தொடக்கத்தில் இலங்கையரான தனபால சமரசேகரவுடன் கூட்டுச்சேர்ந்து இங்கே மைனரின் உதிரிப்பாகங்களைச் செய்விக்கலானார். ஒரு காலத்தில் ஒக்ஸ்போர்டுக்கருகே கௌலியில் பிறந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய காருக்கு, இலங்கைச் சுத்தியலில் உருவான பாகங்கள் திரும்பிக் கப்பலேறின.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். நீங்கினாலும் வரி கடுமை. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய கார்களின் விலை ஏறியது. விலை ஏறியதும் பட்டிக்கும் வண்ணத்துக்கும் கிராக்கி ஏறியது. பளபளக்கும் மைனர் ஒன்றை வாங்குபவர், தான் வாங்குவது தகடா தாளா என்று அறிய வழியில்லை. பிரித்தானியாவில் 1960 முதல் பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. அடித்தகடு இற்ற எத்தனையோ மைனர்களை அது வீதியிலிருந்து இறக்கிவிட்டது. காரை வைத்திருக்க மக்களைக் கட்டாயப்படுத்திய நம் அரசுகள் தனியார் கார்களின் அடியைப் பார்க்க ஒருவரையும் அனுப்பவில்லை. வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகைக்குழாயில் குழலைச் செருகிப் பார்ப்பவருக்கும், அதற்கு ஒரு முழம் முன்னே வில் தொங்கும் தகட்டைத் திருப்புளியால் ஒருமுறை குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதற்கொரு படிவம் இன்னும் அச்சாகவில்லை.