ஆல்ஃபிரட் சோமர்

ஆல்ஃபிரட் சோமர் (பிறப்பு: 1942, நியூயார்க்) அமெரிக்கக் கண் மருத்துவர்; தொற்றுநோயியல் வல்லுநர். வைட்டமின் ஏ பற்றாக்குறை குழந்தைகளின் பார்வையோடு உயிரையும் பறிக்கிறது என்று கள ஆய்வுகளால் நிறுவியவர்.

1967-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். டாக்காவின் காலரா ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1970-ல் அப்பகுதியைத் தாக்கிய போலா புயலுக்குப் பின் ஊர் ஊராகச் சென்று இறந்தோரைக் கணக்கெடுத்தார். கண் மருத்துவம் பயின்றது அதன் பிறகுதான். முதலில் கள ஆய்வு, பிறகு கண் மருத்துவம் என்ற இந்த வரிசை அவருக்குப் பின்னாளில் பெரிதும் உதவியது.

1976-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகருக்குக் குடும்பத்துடன் சென்று, வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வரும் கண்வறட்சி நோயை ஆராய்ந்தார். மாலைக்கண்ணில் தொடங்கும் நோய் இது. பிறகு வெண்விழியில் சோப்பு நுரை ஒட்டியதுபோல் பிட்டாட் புள்ளிகள் தோன்றும். முற்றினால் கருவிழி கரைந்துபோகும். மாலைக்கண்ணை அங்கே ‘புத்தா ஆயம்’, அதாவது கோழிக்குருடு என்பார்கள். அந்தி சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாதல்லவா? பிள்ளைக்குக் கோழிக்குருடு என்று தாய் சொன்னால் அதைப் பெரும்பாலும் நம்பலாம் என்று சோமரின் ஆய்வு காட்டியது. வைட்டமின் ஏ-வை ஊசிக்குப் பதில் வாய்வழி கொடுத்தாலே போதும் என்பதும் அங்கே தெளிவானது.

மேற்கு ஜாவாவின் 6 ஊர்களில் 3 மாதத்துக்கு ஒருமுறை, 18 மாதங்கள், குழந்தைகளின் கண்கள் பரிசோதிக்கப்பட்டன. 1982 இறுதியில் அந்தப் பதிவுகளை அலசியபோதுதான் பலர் அடுத்த பரிசோதனைக்கு வராததன் காரணம் பிடிபட்டது: அவர்கள் இறந்திருந்தார்கள். லேசான கண்வறட்சி இருந்த குழந்தைகளிடையே இறப்பு, அது இல்லாத குழந்தைகளைவிட சராசரியாக 4 மடங்கு. 1983-ல் லான்செட் இதழில் வெளியான இந்த முடிவை மருத்துவ உலகம் ஏறக்குறைய கண்டுகொள்ளவில்லை. ஆச்சே பகுதியின் 450 ஊர்களில் சோதித்து, ஆண்டுக்கு இருமுறை வைட்டமின் ஏ மாத்திரை பெற்ற ஊர்களில் இறப்பு 34 சதவீதம் குறைந்ததை 1986-ல் காட்டியபோதும் ஐயங்கள் தீரவில்லை.

ஐயத்தைத் தீர்த்த ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டக் குழந்தைகளுக்கு வாரம்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்தனர்; இறப்பு 54 சதவீதம் குறைந்ததாக 1990-ல் வெளியிட்டனர். நேபாள ஆய்விலும் இறப்பு குறைந்தது. மாறாக, உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013-ல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்க பலனைக் காணவில்லை. மருந்து உண்மையிலேயே அத்தனை குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று சோமர் கேட்டார். நியாயமான கேள்விதான், விவாதம் இன்னும் ஓயவில்லை.

1990 முதல் 2005 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளியின் தலைவராக இருந்த சோமருக்கு 1997-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. விவாதம் ஒருபுறமிருக்க, இந்தியாவில் இன்று 9-ஆம் மாதத்தில் தொடங்கி 5 வயதுக்குள் 9 தவணைகளாக வைட்டமின் ஏ திரவம் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.