சதி என்னும் சொல்லும் இரண்டு பெண்களும்

பாலி மொழியில் ‘சதி’ என்றொரு சொல் உண்டு. வடமொழி ‘ஸ்மிருதி’யின் பாலி வடிவம் அது. நினைவு என்பது அதன் முதற்பொருள். இப்போது நடப்பதை மறவாமல் மனத்தை அதில் நிறுத்துவது என்பது பௌத்தப் பயிற்சியில் அது பெற்ற பொருள். இன்று அலுவலகப் பயிலரங்குகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று புழங்குவது இந்தச் சொல்லின் ஆங்கில மொழிபெயர்ப்புதான். தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் வருகிறது. கணவனின் சிதையில் பெண்ணை ஏற்றிய வழக்கத்தையும் நாம் ‘சதி’ என்றே எழுதுகிறோம். இரண்டுக்கும் வேர் வேறு. ஆனால் எல்லாவற்றையும் இழந்த பெண் இனி என்ன செய்வாள் என்ற கேள்விக்கு இந்திய வரலாறு தந்த இரு விடைகள் ஒரே எழுத்துகளில் எதிரெதிரே நிற்கின்றன.

முதல் விடையைத் தேடிப் போனால் தேரி காதைக்கு வந்து சேர்வோம். பௌத்தத் துறவிப் பெண்களின் பெயரில் தொகுக்கப்பட்ட 73 பாடல்கள் கொண்ட பாலி நூல் இது. அதில் ஒருத்தி படாசாரை. அவள் கதையை உரைகாரர்கள் விரிவாகச் சொல்கிறார்கள். சாவத்தி நகரச் செல்வரின் மகள், வீட்டு வேலையாளோடு ஊரைவிட்டுப் போனவள். இரண்டாம் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு திரும்பும் வழியில் கணவன் பாம்பு கடித்து இறக்கிறான். கைக்குழந்தையைப் பருந்து தூக்கிப் போகிறது, மூத்தவனை ஆறு கொண்டுபோகிறது. ஊரை நெருங்கும்போது, முந்தைய இரவு மழையில் வீடு இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தானும் மாண்ட செய்தி வருகிறது. உடுத்த துணி நழுவியதும் தெரியாமல் அலைகிறாள். ஊரார் மண்ணாங்கட்டியால் அடித்து விரட்டுகிறார்கள். புத்தர் அவளைத் தடுக்காமல் வரவிடச் சொல்லி, சதியைத் திரும்பப் பெறும்படி கூறுகிறார். அப்போதுதான் தன் உடலில் துணியில்லை என்பதை அவள் உணர்கிறாள். கூட்டத்தில் ஒருவர் மேலாடையைத் தருகிறார்.

இந்த இறப்புகளில் ஒன்றுகூடப் படாசாரையின் பாடலில் இல்லை. அவள் சொல்வது கால் கழுவிய நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடியதைப் பார்த்தது, விளக்கோடு அறைக்குள் போய்க் கட்டிலில் அமர்ந்தது, ஊசியால் திரியை இழுத்தது, விளக்கு அணைந்தபோது மனம் விடுபட்டது. அழுகைக் கதையை எழுதியவர், தென்னிந்தியாவோடு மரபு தொடர்புபடுத்தும் தம்மபாலர் முதலிய பிற்கால உரைகாரர்கள். ஒரு பெண்ணின் துயரம் பிறருக்குக் கதையாகிறது. அவளோ எதைப் பதிவு செய்யவேண்டும் என்பதைத் தானே தேர்ந்துகொள்கிறாள்.

அவள் தனியாகக் கரையேறவும் இல்லை, கரையேறியபின் தனியாக இருக்கவும் இல்லை. தேரி காதையில் வேறு பெண்களின் பாடல்களும் அவளை ஆசிரியை என்று சொல்கின்றன. கணவனும் பிள்ளையும் உறவும் இன்றி ஏழாண்டுகள் பிச்சையெடுத்துத் திரிந்த சந்தாவுக்குத் துறவு தந்தவள் படாசாரைதான். சங்கம் அந்தப் பெண்ணுக்குத் தந்தவற்றுள் தியானம் ஒன்று. சோறும் தங்குமிடமும் தோழியரும் மற்றவை. நம் மணிமேகலையிலும் கோவலன் மறைவுக்குப் பின் மாதவி அறவண அடிகளிடம் போகிறாள். நால்வகை வாய்மையும் ஐவகைச் சீலமும் அங்கே அவளுக்குக் கிடைக்கின்றன. தாயின் தொழிலுக்கு மகளை அனுப்ப மறுக்கும் துணிவை அவளிடம் அதன்பின் காண்கிறோம்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். சிட்டகாங் பகுதியின் பௌத்தக் குடும்பம் ஒன்றில் 1911இல் பிறந்தவர் நானி பாலா பருவா. பன்னிரண்டு வயதில் மணம். பின்னர் பொறியாளரான கணவரோடு பர்மாவில் வாழ்க்கை. நெடுநாள் பிள்ளையில்லை. பிறந்த முதல் பெண் குழந்தை மூன்று மாதத்தில் இறந்தது. அடுத்துப் பிறந்த மகள் தீபா பிழைத்தாள். அதன்பின் ஒரு மகன் பிறப்பிலேயே போனான். 1957இல் கணவரும் திடீரென இறந்தார். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் அவரைப் படுக்கையில் தள்ளின. மகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ரங்கூனில் தியான மையம் ஒன்றுக்குப் போனார். அந்த முதல் முயற்சி நாய்க்கடியால் பாதியில் நின்றது. பின்னர் மகாசி சயாதோவின் மையத்தில் முனீந்திரரிடம் பயின்றார். உடல் தேறியது, பயம் போனது. தங்கையும் வந்து உடன் பயின்றார்.

1967இல் கல்கத்தாவுக்கு வந்தவர், உலோகத் தேய்ப்புப் பட்டறை ஒன்றின் மேலிருந்த சிறிய வீட்டில் தங்கினார். அங்கே அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகள். தனியே உட்கார நேரமில்லை என்ற இளந்தாயிடம், பால் கொடுக்கும்போது பால் கொடுப்பதைக் கவனி என்பதுபோலத்தான் சொல்லித்தந்தார். தேரவாதத்தில் பிக்குணிச் சங்கம் அறுந்துபோயிருந்த காலம் அது. துறவுக்கு வழியில்லாத இடத்தில் அடுப்படியே பயிற்சிக்கூடமானது. ‘தீபாவின் அம்மா’ என்ற பொருளில் தீபா மா என்று அழைக்கப்பட்ட அவர், 1980இலும் 1984இலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாரே என்ற ஊருக்குப் போய்க் கற்பித்தார். 1989இல் மறைந்தார்.

அதே மாநிலத்தில்தான், 1979இல், ஜான் கபாட்-ஜின் தீராத வலியுள்ள நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். இன்றைய மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகளில் பல அதன் வழிவந்தவை. அவற்றால் பலன் பெற்ற பெண்கள் நம்மிடையே உண்டு. வலியோடும் மனச்சோர்வோடும் வாழ்கிறவர்களுக்கு அது சிறிய உதவியல்ல. ஆனால் இரவு பத்து மணிவரை வேலை வாங்கும் நிறுவனம், அதே பெண்ணுக்கு மூச்சைக் கவனிக்கவும் கற்றுத்தரும்போது நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அடிக்கிற வீட்டில் இருந்துகொண்டே அமைதியாயிரு என்பதற்கு இந்தச் சொல் பயன்படுமானால், தமிழில் அதற்குள்ள இன்னொரு பொருளான சூழ்ச்சிதான் அங்கே நடக்கிறது.

படாசாரைக்குச் சதி திரும்பியதும் முதலில் தெரிந்தது தன் நிலைமை. உடல் அம்மணமாயிருக்கிறது, எதிரே கூட்டம் நிற்கிறது என்பது. கவனம் என்றால் நடப்பதைத் தாங்கிக்கொள்வது மட்டுமல்ல, நடப்பது இன்னதென்று காண்பதும்தான். கண்டபின் அவளுக்கு ஒரு துணி கிடைத்தது, ஒரு சங்கம் கிடைத்தது. தீபா மாவுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீடு இருந்தது. மீண்டெழுதல் பற்றி இனி எந்த நூலை வாசித்தாலும், எந்த வகுப்புக்குப் போனாலும், அந்தத் துணியையும் அந்தப் பக்கத்து வீட்டையும் யார் தருகிறார்கள் என்று கேட்போம்.